காப்பி செய்த படம் ஒட்டும்போது ஏன் மாறிப்போகிறது? விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் படத்தை கிளிப்போர்டுக்கு அனுப்புவது

#1 கோட்டோவியம்

வணக்கம். ஸ்கிரீன்ஷாட்டில் அம்புக்குறி, வட்டம், சின்னக் குறிப்பு போடுவதற்காக பைத்தானில் ஒரு மென்பொருள் எழுதி வருகிறேன். வரைந்து முடித்ததும் 'படத்தை காப்பி செய்' என்று ஒரு பட்டன். அழுத்தினால் படம் கிளிப்போர்டுக்குப் போக வேண்டும், மின்னஞ்சலிலோ சாட்டிலோ ஒட்டினால் வர வேண்டும். அவ்வளவுதான். இந்த ஒரு பட்டனிலேயே மூன்று வாரமாக நிற்கிறேன்.

விண்டோஸில் படம் ஒட்டுகிறது, ஆனால் பின்னணி இல்லாத பகுதி சில மென்பொருள்களில் கருப்பாகிவிடுகிறது. மேக்கில் படத்துக்குப் பதிலாக கோப்பின் பெயர்தான் ஒட்டுகிறது. லினக்ஸில் பட்டனை அழுத்தியதும் மென்பொருள் உறைந்துபோனது. அதற்கு ஒரு வழி செய்தேன், இப்போது உறையவில்லை, ஆனால் ஒட்டினால் எதுவும் வருவதில்லை.

எழுத்தை காப்பி செய்ய பைபர்கிளிப் என்ற பைத்தான் லைப்ரரியில் ஒரே வரி போதும், மூன்று இடத்திலும் ஓடுகிறது. படத்துக்கு அப்படி ஒன்று கிடையாதா?

#2 நீலத்திரை

ஜன்னல், பட்டன் எல்லாம் வரையும் க்யூட் லைப்ரரியைப் பயன்படுத்துங்கள். அதன் கிளிப்போர்டு வகுப்பில் படத்தை வைக்க ஒரு அழைப்பு இருக்கிறது, மூன்று இயங்குதளத்திலும் அதே வரிதான். எலக்ட்ரானில் எழுதுகிறவர்களுக்கும் ரைட்இமேஜ் இருக்கிறது, ரஸ்ட் மொழியில் ஆர்போர்ட் லைப்ரரி இருக்கிறது. பைத்தானின் பட லைப்ரரியான பில்லோவில் இருக்கும் கிராப்கிளிப்போர்டு படத்தை எடுக்க மட்டும்தான், வைக்க முடியாது. அதில் தேடி நேரத்தை விடாதீர்கள்.

#3 தச்சன்

நீலத்திரை சொன்னது நடைமுறைக்குச் சரி. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று கோளாறுக்கும் வேர் ஒரே இடத்தில் இருக்கிறது. அது பிடிபட்டால் எந்த லைப்ரரியை எடுத்தாலும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிளிப்போர்டு என்றதும் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு படம் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே இருப்பது ஒரு பட்டியல். 'என்னிடம் இந்தச் சரக்கு இருக்கிறது, பிஎன்ஜியாக வேண்டுமா, பிட்மேப்பாக வேண்டுமா, எச்டிஎம்எல்லாக வேண்டுமா' என்று காப்பி செய்த மென்பொருள் அறிவிக்கிறது. ஒட்டுகிற மென்பொருள் அந்தப் பட்டியலைப் பார்த்து, தனக்குப் பழக்கமான ஒன்றைக் கேட்டு வாங்குகிறது. பிரவுசரில் ஒரு படத்தை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்துப் பாருங்கள். பட்டியலில் பிஎன்ஜியும் இருக்கும், அந்தப் படத்தைச் சுட்டும் எச்டிஎம்எல் துண்டும் இருக்கும். ஒரே காப்பி ஓரிடத்தில் படமாகவும் இன்னோரிடத்தில் வெறும் இணைப்பாகவும் விழுவது இதனால்தான். அசையும் ஜிஃப் ஒட்டியதும் அசையாமல் நின்றுவிடுவதும் இதே கதைதான்: பட்டியலில் போனது முதல் சட்டகத்தின் பிஎன்ஜி.

எழுத்தில் இந்தத் தலைவலி தெரிவதில்லை, ஏனென்றால் வெற்று எழுத்தை எல்லா மென்பொருளும் வாங்கிக்கொள்ளும். படத்தில் அப்படி எல்லோருக்கும் பொதுவான ஒரு வடிவம் அமையவில்லை.

அதனால் முதலில் நிரலைத் தொடாதீர்கள். பட்டனை அழுத்திவிட்டு பட்டியலைப் பாருங்கள். எக்ஸ்11 (திரையைக் கையாளும் பழைய முறை) ஓடும் லினக்ஸ் என்றால் எக்ஸ்கிளிப் என்ற கட்டளைக் கருவியிடம் டார்கெட்ஸ் என்ற வகையைக் கேளுங்கள், என்னென்ன வடிவம் இருக்கிறது என்று சொல்லிவிடும். மேக்கில் ஓஎஸ்ஏஸ்கிரிப்ட் கட்டளை வழியாக 'கிளிப்போர்டு இன்ஃபோ' என்று கேட்டால் வகையும் பைட் அளவும் வரும். விண்டோஸில் இன்சைட்கிளிப்போர்டு என்ற இலவசக் கருவி உண்டு. மூன்றிலும் என்ன வருகிறது என்று இங்கே போடுங்கள்.

#4 கோட்டோவியம்

இப்படிப் பார்க்கலாம் என்றே தெரியாது. மிக்க நன்றி தச்சன். பார்த்துவிட்டேன்.

விண்டோஸில் நான் வைத்தது சிஎஃப் டிஐபி என்ற பிட்மேப் வடிவம் மட்டும். ஆனால் பட்டியலில் சிஎஃப் பிட்மேப், டிஐபி வி5 என்று மேலும் இரண்டு வருகிறது, அவற்றை நான் வைக்கவில்லை. மேக்கில் கோப்பு முகவரி மட்டும்தான் இருக்கிறது, படம் என்று எதுவுமே இல்லை. லினக்ஸில் பட்டியலே வரவில்லை, பிழைதான் வருகிறது.

லினக்ஸில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். படத்தை பிஎன்ஜியாக எழுதி, வேறு மென்பொருளை ஓட்டும் சப்புராசஸ் வழியாக எக்ஸ்கிளிப்பை அழைக்கிறேன், பிழைச் செய்தி வந்தால் பார்ப்பதற்காக அதன் வெளியீட்டைப் பிடித்து வைக்கிறேன். அங்கேதான் உறைந்தது. அதனால் 5 வினாடி கெடு வைத்து, கெடு தாண்டினால் எக்ஸ்கிளிப் என்ற பெயரில் ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்தும்படி எழுதினேன்.

#5 தச்சன்

கிடைத்துவிட்டது. அந்த நிறுத்துகிற வரிதான் உங்கள் படத்தை அழிக்கிறது.

எக்ஸ்11-இல் காப்பி செய்தால் படம் திரையைக் கையாளும் எக்ஸ் சர்வருக்குள் போய்ச் சேர்வதில்லை. 'கிளிப்போர்டு இப்போது என்னுடையது' என்று ஒரு மென்பொருள் உரிமை கோருகிறது, அந்த உரிமையை மட்டும் சர்வர் குறித்து வைத்துக்கொள்கிறது. யாராவது ஒட்டும்போது கேள்வி உரிமையாளரிடம் வரும், அவர் அப்போதுதான் பைட்டுகளைக் கொடுப்பார். படம் பெரிதாக இருந்தால் இன்கர் என்ற முறையில் துண்டு துண்டாகக் கைமாறும். ஆக, கொடுக்க வேண்டியவர் கடைசிவரை உயிரோடு இருந்தாக வேண்டும்.

எக்ஸ்கிளிப் அதற்காகத்தான் தன்னைப் பிரித்துக்கொண்டு பின்னணிக்குப் போய்க் காத்திருக்கிறது. அப்படிப் போகும்போது நீங்கள் கொடுத்த வெளியீட்டுக் குழாயையும் திறந்தபடியே கையில் எடுத்துக்கொண்டு போகிறது. பைத்தானோ அந்தக் குழாய் மூடப்படும்வரை படித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். உறைந்தது இதனால். நீங்கள் எக்ஸ்கிளிப்பை நிறுத்தியதும் குழாய் மூடியது, உறைதல் போனது, கூடவே உரிமையாளரும் போய்விட்டார். அதனால்தான் பட்டியலே இல்லை.

செய்ய வேண்டியது ஒன்றுதான். வெளியீட்டைப் பிடிக்காமல், வருவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ்நல்லுக்குத் திருப்பிவிடுங்கள். கெடுவையும் நிறுத்தும் வரியையும் எடுத்துவிடுங்கள். வகையாக 'இமேஜ்/பிஎன்ஜி' என்று கட்டாயம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிஎன்ஜியின் பைட்டுகளை எழுத்து என்று சொல்லி வைத்துவிடும். 'செலக்ஷன்' என்ற இடத்தில் கிளிப்போர்டு என்று கொடுப்பதும் முக்கியம். எக்ஸ்கிளிப் தானாக எடுத்துக்கொள்வது பிரைமரியை, அது மவுஸின் நடுப் பட்டனில் ஒட்டுகிற வேறொரு இடம்.

#6 முல்லை

மேக் பக்கம் நான் சொல்கிறேன்.

கோப்பு முகவரியை வைத்தால் மற்ற மென்பொருளுக்குத் தெரிவது 'ஒரு கோப்பு இருக்கிறது' என்பது மட்டும். அதை இணைப்பாகச் சேர்ப்பதா, பெயரை எழுத்தாகப் போடுவதா என்று அதுவே முடிவெடுத்துக்கொள்ளும். ஃபைண்டரில் ஒரு படக் கோப்பை காப்பி செய்து பட எடிட்டரில் ஒட்டினால் படத்துக்குப் பதிலாகக் கோப்பின் ஐகான் வந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதுவும் இதுதான்.

படத்தின் பைட்டுகளையே வைக்க வேண்டும். பைத்தானிலிருந்து மேக்கின் வசதிகளை அழைக்கும் பைஆப்ஜெக்ட்சி இருந்தால், மேக்கின் கிளிப்போர்டான என்எஸ்பேஸ்ட்போர்டை எடுத்து, முதலில் கிளியர்கன்டென்ட்ஸ், அப்புறம் பப்ளிக்.பிஎன்ஜி, பப்ளிக்.டிஃப் இரண்டையும் வையுங்கள். பழைய மென்பொருள்கள் பல டிஃப்பைத்தான் தேடும். இங்கே நான் இரண்டு நாள் தொலைத்த ஒரு விஷயம் உண்டு: இரண்டு வடிவத்தையும் ஒரே ஐட்டத்துக்குள் வைக்க வேண்டும். தனித்தனி ஐட்டமாக வைத்தால் பயனர் இரண்டு படத்தை காப்பி செய்ததாக மேக் எடுத்துக்கொள்ளும், சில இடங்களில் படம் இரட்டையாக விழும்.

டிஃப் அழுத்தப்படாமல் போனால் கனமானது என்பதையும் நினைவில் வையுங்கள். 5120 × 2880 திரையை முழுசாக எடுத்தால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் கிட்டத்தட்ட 59 எம்பி. பிஎன்ஜியில் அதே படம் பெரும்பாலும் மிகச் சிறியதாகத்தான் இருக்கும்.

ரெட்டினா திரையில் எடுத்த படம் ஒட்டும்போது இரண்டு மடங்கு பெரிதாக வந்தால் பயப்பட வேண்டாம். பிக்சல் சரியாகத்தான் இருக்கிறது, அடர்த்திக் குறிப்புதான் விட்டுப்போயிருக்கிறது. பிஎன்ஜிக்குள் பிஎச்ஒய்எஸ் என்ற சிறு பகுதியில் 144 டிபிஐ (அங்குலத்துக்கு 144 பிக்சல்) என்று எழுதி வைத்தால், அதைப் படிக்கிற மென்பொருள்களில் சரியான அளவில் வந்துவிடும். அந்தப் பகுதியில் அளவு மீட்டருக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கில் இருக்கும். 144 டிபிஐ என்றால் 5669.

பிபிகாப்பியை முயன்று பார்க்க வேண்டாம், அது எழுத்துக்கானது.

#7 எறும்பு

விண்டோஸ். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, அதனால் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் வைக்காத இரண்டு வடிவம் எங்கிருந்து வந்தது? பிட்மேப், டிஐபி, டிஐபி வி5 மூன்றில் ஏதாவது ஒன்றை வைத்தால் மற்ற இரண்டையும் விண்டோஸே தேவைப்படும்போது தயாரித்துக் கொடுக்கும். வசதிதான், ஆனால் நீங்கள் கொடுக்காத ஒளி ஊடுருவல் தகவலை அதனால் உண்டாக்க முடியாது.

இப்போது கருப்பு. சிஎஃப் டிஐபியின் முன்பகுதியான ஹெடர் 40 பைட். 32 பிட் படத்தில் ஒரு பிக்சலுக்கு நீலம், பச்சை, சிவப்பு, அப்புறம் நான்காவதாக ஒரு பைட். அந்த நான்காவது பைட் ஆல்ஃபா, அதாவது ஊடுருவல் அளவு, என்று அந்த ஹெடர் எங்கேயும் சொல்வதில்லை. சில மென்பொருள்கள் ஆல்ஃபா என்று எடுத்துக்கொள்ளும், பல கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. உங்கள் படத்தில் முழுசாக ஊடுருவும் பிக்சல் பெரும்பாலும் 0, 0, 0, 0 என்று இருக்கும். கடைசிச் சுழியத்தை ஒருவர் பார்க்காமல் விட்டால் மீதி இருப்பது 0, 0, 0, அதாவது சுத்தமான கருப்பு. யாரும் கருப்பைப் பூசவில்லை, அங்கே ஏற்கெனவே இருந்ததுதான் தெரிகிறது.

நான் செய்வது இப்படி. 'பிஎன்ஜி' என்ற பெயரில் ஒரு வடிவத்தைப் பதிவு செய்து அதில் பிஎன்ஜி கோப்பின் பைட்டுகளை அப்படியே வைப்பேன். இது விண்டோஸே வகுத்துக் கொடுத்த வடிவம் கிடையாது, மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்களுக்குள் வழக்கமாக்கிக்கொண்டது. அலுவலக மென்பொருள்கள், பிரவுசர்கள், பட எடிட்டர்கள் பலவும் அதைத் தேடி எடுக்கின்றன. அடுத்து 124 பைட் ஹெடர் உள்ள டிஐபி வி5, அதில் ஆல்ஃபா எது என்று வெளிப்படையாகச் சொல்ல இடம் உண்டு. கடைசியாக சாதாரண சிஎஃப் டிஐபி, ஆனால் அதற்கு மட்டும் படத்தை வெள்ளைப் பின்னணியில் படிய வைத்து, ஊடுருவலே இல்லாமல் கொடுப்பேன். ஆல்ஃபா தெரியாதவருக்கு வெள்ளை கிடைக்கும், தெரிந்தவருக்கு உண்மைப் படம் கிடைக்கும். நிறைவான வடிவத்தை முதலில் வைக்க வேண்டும், ஏனென்றால் பட்டியல் நீங்கள் வைத்த வரிசையில்தான் படிக்கப்படும், முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்கிற மென்பொருள்கள் உண்டு.

பிஎம்பி கோப்பிலிருந்து டிஐபி தயாரித்தால் முதல் 14 பைட்டை வெட்ட வேண்டும், அது கோப்புக்கான ஹெடர். கருப்பாகவாவது உங்களுக்கு ஒட்டுகிறது என்பதால் அதைச் செய்திருப்பீர்கள். வரிசைகள் கீழிருந்து மேலாக அடுக்கப்படும், மறந்தால் படம் தலைகீழாக வரும். 24 பிட் படத்தில் இன்னொன்று. 101 பிக்சல் அகலம் என்று வையுங்கள். ஒரு வரிக்கு 303 பைட். ஆனால் ஒவ்வொரு வரியும் 4-ஆல் வகுபட வேண்டும் என்பதால் 304 பைட் எழுத வேண்டும். அந்த ஒரு பைட்டை விட்டால் வரிக்கு வரி ஒரு பைட் நகர்ந்து, படம் முழுவதும் சாய்ந்து, நிறங்களும் கலங்கிவிடும். 100 பிக்சல் படத்தில் சோதித்தால் இது தெரியவே தெரியாது, 300 தானாகவே வகுபடும். அதனால் ஒற்றைப்படை அகலத்தில் கட்டாயம் சோதியுங்கள்.

நினைவகத்தை நகரக்கூடியதாக ஒதுக்கி செட்கிளிப்போர்டுடேட்டாவிடம் கொடுத்தபின் அது விண்டோஸின் சொத்து, நீங்கள் விடுவிக்கக் கூடாது. கிளிப்போர்டைத் திறக்கும்போது வேறு யாராவது அதைத் திறந்து வைத்திருந்தால் தோற்றுப்போகும். சில மில்லிவினாடி விட்டு நாலைந்து முறை முயலுங்கள்.

#8 நீலத்திரை

எறும்பு எழுதியதை முழுசாகப் படித்தேன், நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் நான் சொன்னதற்கு அதுவே ஆதாரம். 14 பைட், 40 பைட், 124 பைட், வரி நிரப்பல், தலைகீழ் அடுக்கு, இதை எல்லாம் ஒரு பட்டனுக்காக ஒருவர் எழுதி, அடுத்த ஐந்து வருடம் யார் பார்த்துக்கொள்வது? க்யூட் விண்டோஸில் டிஐபியையும், ஆல்ஃபா உள்ள படத்துக்கு டிஐபி வி5-ஐயும் தானே வைக்கிறது. பலர் பல வருடமாக அடிபட்டுத் திருத்திய நிரல் அது.

#9 எறும்பு

உங்கள் கவலை நியாயம்தான். ஏற்கெனவே க்யூட்டில் ஜன்னல் வரைகிறவர் நான் சொன்னதில் ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை. ஆனால் கோட்டோவியத்தின் மென்பொருள் வேறொன்றில் எழுதப்பட்டிருக்கிறது. காப்பி பட்டனுக்காக மட்டும் அவ்வளவு பெரிய சுமையைப் பயனர் தலையில் ஏற்ற எனக்கு மனம் வராது. அதோடு, கருப்பாக ஏன் வருகிறது என்று தெரிந்தவரால்தான் லைப்ரரி தவறும்போது கண்டுபிடிக்க முடியும்.

#10 கோட்டோவியம்

மூன்றையும் மாற்றினேன். மேக்கில் படம் வருகிறது! விண்டோஸில் கருப்பு போய்விட்டது, 101 பிக்சல் அகலத்திலும் சோதித்துவிட்டேன். லினக்ஸில் என் கணினியில் உடனே ஒட்டுகிறது, உறைவதும் இல்லை.

ஆனால் தோழி ஒருத்தியின் லினக்ஸ் மடிக்கணினியில் எக்ஸ்கிளிப் டிஸ்ப்ளே திறக்க முடியவில்லை என்கிறது. அவளுடையது வேலேண்டு முறையாம்.

#11 தச்சன்

எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலேண்டுக்கு டபிள்யுஎல்-காப்பி என்ற கருவி. வகை 'இமேஜ்/பிஎன்ஜி' என்று சொல்லி, படத்தை அதன் உள்ளீட்டில் ஊற்றுங்கள். எடுக்க டபிள்யுஎல்-பேஸ்ட், பட்டியல் பார்க்கவும் அதிலேயே ஒரு தெரிவு உண்டு. பல வேலேண்டு சூழல்களில் எக்ஸ்11 மென்பொருள்களுக்கான எக்ஸ்வேலேண்டு கூடவே ஓடுவதால் எக்ஸ்கிளிப்பும் வேலை செய்துவிடும். உங்கள் தோழியின் கணினியில் அது ஓடவில்லை போலிருக்கிறது. எக்ஸ்டிஜி செஷன் டைப் என்ற சூழல் மாறியைப் பார்த்து எந்தக் கருவி என்று முடிவு செய்யுங்கள், அந்தக் கருவி நிறுவப்படாவிட்டால் பயனருக்கு அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் தோற்கும் காப்பி பட்டனைப் போல ஆளைக் குழப்புவது வேறில்லை.

இங்கேயும் உரிமையாளர் உயிரோடு இருக்க வேண்டும் என்ற கதை மாறவில்லை, ஒட்டும்போது ஒரு குழாய் திறந்து பைட்டுகள் நேராகக் கைமாறும். கூடுதலாக ஒரு பாதுகாப்பு: சாதாரண ஜன்னல் ஒன்று கிளிப்போர்டைக் கைப்பற்ற வேண்டுமானால், பயனர் அதில் சொடுக்கியோ தட்டியோ இருக்க வேண்டும். பின்னணியில் இருக்கும் சாதாரண ஜன்னல் நினைத்த நேரத்தில் உங்கள் கிளிப்போர்டை மாற்ற முடியாது. எனக்கு இது நல்ல முடிவாகவே படுகிறது.

#12 சிறகு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இதையே பிரவுசரில் செய்கிறேன். ஜேபெக் படத்தை கிளிப்போர்டுக்கு எழுதினால் மறுத்துவிடுகிறது. அப்புறம் சஃபாரியில் மட்டும் அனுமதி இல்லை என்கிறது.

#13 முல்லை

இணையத்தில் படம் என்றால் நம்பி வைக்கக்கூடியது பிஎன்ஜி ஒன்றுதான். ஜேபெக்கை பிரவுசரின் வரைபலகையான கேன்வாஸில் வரைந்து பிஎன்ஜியாக மாற்றிக் கொடுங்கள். படம் வேறு தளத்திலிருந்து, அந்தத் தளத்தின் அனுமதி இல்லாமல் வந்தது என்றால் கேன்வாஸ் கறைபட்டதாகக் கருதப்படும், அதிலிருந்து எதையும் வெளியே எடுக்க முடியாது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சஃபாரியில், சொடுக்கியதற்கும் கிளிப்போர்டு அழைப்புக்கும் இடையில் நீங்கள் படத்துக்காகக் காத்திருந்தால் அனுமதி காலாவதியாகிவிடும். படம் தயாரான பின் கிளிப்போர்டுஐட்டம் (கிளிப்போர்டுக்குக் கொடுக்கும் பொருள்) செய்யாதீர்கள். சொடுக்கிய உடனே அதைச் செய்து, உள்ளே படத்துக்குப் பதில் அந்தப் படத்துக்கான பிராமிஸை, அதாவது 'தயாரானதும் தருகிறேன்' என்ற உறுதியை, கொடுங்கள். பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். குரோம் 76 (2019), சஃபாரி 13.1 (2020), ஃபயர்ஃபாக்ஸ் 127 (2024) முதல் படத்தை கிளிப்போர்டுக்கு எழுதும் வசதி உண்டு. அதற்கு முந்தைய ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பதிவிறக்கும் பட்டனையாவது காட்டுங்கள்.

#14 பழைய விசைப்பலகை

விண்டோஸில் விண் + வி அழுத்தினால் வரும் வரலாற்றில் நான் எடுக்கும் பெரிய ஸ்கிரீன்ஷாட்டுகள் மட்டும் காணாமல் போகின்றன. கண்ட்ரோல் + வி போட்டால் ஒட்டுகிறது. என் கணினியில் கோளாறா?

#15 எறும்பு

கோளாறில்லை. வரலாற்றில் ஒரு பொருளுக்கு 4 எம்பிதான் வரம்பு, மொத்தம் 25 பொருள். அதைத் தாண்டிய படம் கிளிப்போர்டில் இருக்கும், வரலாற்றில் ஏறாது.

கோட்டோவியம், உங்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஸ்கிரீன்ஷாட்டில் கடவுச்சொல், வங்கி விவரம் எல்லாம் இருக்கலாம். வரலாற்றில் ஏற வேண்டாம், மற்றக் கணினிகளுக்கும் போக வேண்டாம் என்று விண்டோஸிடம் சொல்லத் தனி வடிவங்கள் உண்டு, படத்தோடு சேர்த்து அவற்றையும் வைத்தால் போதும். ஒரு டிக் பெட்டியாகக் கொடுத்தால் பயனருக்குப் பெரிய நிம்மதி.

#16 சிறகு

முல்லை, பிராமிஸ் வழி வேலை செய்தது. மிக்க நன்றி. ஆண்ட்ராய்டில் ஆப் எழுதுகிறவர்களுக்கு நான் பட்டறிந்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அங்கே கிளிப்போர்டில் படம் போவதில்லை, அதன் கன்டென்ட் முகவரிதான் போகிறது. ஒட்டுகிற ஆப் அந்த முகவரியில் வந்து கேட்டு வாங்கும். தற்காலிகக் கோப்பை காப்பி ஆன உடனே அழித்துவிட்டேன், ஒட்டும்போது வெறும் கட்டம் வந்தது.

#17 கோட்டோவியம்

டிக் பெட்டி சேர்த்துவிட்டேன் எறும்பு. தோழியின் கணினியிலும் ஒட்டுகிறது. இந்த இழையை அச்செடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். லினக்ஸில் என் மென்பொருளை மூடினாலும் படம் இருக்கிறது, எக்ஸ்கிளிப் பின்னணியில் காத்திருப்பதால் என்று புரிகிறது. அடுத்து வேறு எதையாவது காப்பி செய்தால் அந்த எக்ஸ்கிளிப் என்ன ஆகும்? ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் ஒன்று சேர்ந்துகொண்டே போகுமா?

#18 தச்சன்

சேராது. வேறொருவர் உரிமை கோரியதும், பழைய உரிமையாளருக்கு 'உன்னுடையது போய்விட்டது' என்று எக்ஸ் சர்வர் ஒரு செய்தி அனுப்பும். அது வந்ததும் எக்ஸ்கிளிப் தானாக முடிந்துவிடும். இரண்டு முறை பட்டனை அழுத்திவிட்டு ஓடுகிறவற்றின் பட்டியலைப் பாருங்கள், ஒன்றுதான் இருக்கும்.